மூன்றாம் கம்பத்துச் சேதி

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் கண்ணாடிக் குடுவை, வெள்ளை அங்கி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் இடத்தைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போகும். நாலு மேசை, விசிறி இரைச்சலோடு ஒரு அலமாரி நிறைய மிஷின்கள், மூலையில் என் ஏணி. அப்புறம் அந்தச் சுவர். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. எனக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது. படித்தவர்கள் இருக்கிற இடம் இப்படியா இருக்கும் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

நான் கம்பம் ஏறுகிறவன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கம்பத்தில் பெட்டியை மாட்டுவது, கம்பி இழுப்பது, மழையில் நனைந்ததைக் கழற்றிக் காயவைத்து மறுபடி மாட்டுவது. என் பெயரை மறந்து எல்லாரும் ஏணி என்று கூப்பிட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஆராய்ச்சி செய்கிறவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இதை நான் கல்குவாரியில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், அப்படியும் முதுகுவலிக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். அவர் செய்வதை எனக்குப் புரிகிற மாதிரி ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். கம்பத்துக்குக் கம்பம் ஒரு பெட்டி இருக்கிறது, கம்பியில்லாமல் பேசுகிறது. வழக்கமாக ஒவ்வொரு பெட்டியும் தன் சொந்தப் புத்திப்படி நடக்கும். இவர் எல்லாப் பெட்டியிடமிருந்தும் புத்தியைப் பிடுங்கிக் கூடத்தில் இருக்கிற ஒரே மிஷினிடம் கொடுத்துவிட்டார். இந்த ஆளுக்கான சேதியை இந்தக் கம்பத்துக்கு அனுப்பு என்று அது கட்டளை போடும், பெட்டிகள் கேட்கும். ஆள் வேறு கம்பத்துப் பக்கம் நகர்ந்தால் கட்டளையையும் மாற்றும்.

“ஆளு எங்க போனாலும் சேதி பின்னாலேயே ஓடணும்ணா. அவ்ளோதான் என் ஆராய்ச்சி” என்றார்.

“இதுக்காம்மா ஏழு வருஷம்?”

“ஏழு வருஷமா இன்னும் ஓடலயே.”

மிஷின் போடுகிற கட்டளை தானாகவே போய்விடும். சில சமயம் அவசரத்துக்கு இவர்களே கையால் ஒரு கட்டளையைப் போடுவார்கள். அது போகாது. மனுஷன் வந்து எடுக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருக்கும், மிஷினும் அதைத் தொடாது. அதற்குத்தான் அந்த மஞ்சள் சீட்டு. கையால் போட்டவர் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எடுத்தவர் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். சீட்டு இல்லையென்றால் கட்டளை இல்லை. கூடத்தில் இது எழுதாத சட்டம். இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறினவனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன் என்பதுதான் என்னை இன்றைக்கும் சாப்பிட விடாமல் செய்கிறது.

டாக்டரம்மா வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அதனால் அவர் வீட்டுக்காரருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்ள. கூடப் பிறக்காத உறவுக்கு நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே உரிமை எடுத்துக்கொள்வோம். அவர் கல்குவாரியில் லோடர் ஓட்டுகிறவர். கதவு உயரத்துக்கு நாலு சக்கரம், முன்னால் கல்லை அள்ளுகிற பெரிய வாளி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி இருக்கும். எட்டு வயது மகள் அந்தத் தூசியில் விரலால் கோடு கிழிப்பாள்.

அந்தக் குவாரியையே டாக்டரம்மா தேர்ந்தெடுத்தது மாப்ளையால்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெடி வைத்த அன்று சங்கு ஊதியது இவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடி மூடிய கூண்டு, இன்ஜின் சத்தம், காதில் அடைப்பான். கடைசி நேரத்தில் யாரோ ஓடிவந்து கல்லை விட்டெறிந்து கூப்பிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மறுநாள் கூடத்துக்கு வந்து, மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் ஆராய்ச்சி முழுவதையும் இந்தக் குவாரிப் பக்கம் திருப்பினார்.

குவாரியில் ஆறு கம்பம் நட்டோம். நட்டேன் என்று சொல்வதுதான் நியாயம், மற்றவர்கள் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். இருபத்திரண்டு பேருக்கு ஆளுக்கொரு கருவி. அதில் எழுத்து வரும், அதிரும், ஒரு பெரிய பொத்தான் உண்டு. குவாரிக்காரர்கள் அதை வாக்கி என்றார்கள். மாப்ளையுடையது இருபத்திரண்டாம் நம்பர், லோடர் கூண்டிலேயே மாட்டியிருக்கும். வெடிக்கு முன்னால் ‘வெளியேறு’ என்று வரும். வெடித்து முடிந்ததும் ‘அபாயம் நீங்கியது’ என்று வரும். சேதியைக் கம்பம் வாங்கிக்கொண்டால் கூடத்திலும் குவாரியிலும் இருக்கிற திரையில் அந்த நம்பர் பச்சையாகும். ஆள் படித்துவிட்டு ‘பார்த்தேன்’ என்கிற அந்தப் பொத்தானை அழுத்தினால் பச்சைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். வெடிக்கு உத்தரவு கொடுக்கிற மேஸ்திரி பச்சையைத்தான் பார்ப்பார். புள்ளிக்குக் காத்திருந்தால் அந்த வருஷம் வெடி வைக்க முடியாது. பாதிப் பேர் அழுத்த மாட்டார்கள். அதில் முதல் ஆள் மாப்ளதான்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இதே பஞ்சாயத்து.

“எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. ஆடற வண்டியில அதை யாரு படிக்கறது? பெருசா போடு” என்றார் மாப்ள.

“பெருசா போட்டா ஒரு சேதிதான் தெரியும். நேரம் காட்ட இடம் இருக்காது.”

“நேரம் எதுக்கு? அதான் கையில வாட்ச் இருக்கே. என்ன பண்ணணும்னு சொன்னா போதும், பண்றேன். வீட்ல மட்டும் வேற எப்படி நடக்குது?”

மகள் வாயில் இருந்த சோற்றோடு சிரித்தாள். டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, பெருசா போடறேன். பதிலுக்கு நீங்க பொத்தானை அழுத்தணும்.”

“கட்டின பொண்டாட்டி அனுப்பறதுக்கு ரசீது வேற குடுக்கணுமா மச்சான்? நீங்களே கேளுங்க.”

“குடுத்துட்டுப் போங்களேன் மாப்ள, கை என்ன தேஞ்சா போகும்?” என்றேன்.

எழுத்தைப் பெரிதாக்கினார். மாப்ள பொத்தானை அழுத்தவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. வேலையைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஊரெல்லாம் இருக்கிற குவாரிகளில் இதைப் போடச் சொல்வார்கள். திங்கட்கிழமை ஒத்திகை. மாப்ள மேலே இருக்கிற முற்றத்திலிருந்து லோடரை மெதுவாக ஓட்டிக்கொண்டு கீழ்ப்பள்ளத்துக்கு இறங்க வேண்டும். இறங்குகிற வழியில் மூன்றாம் கம்பமும் நாலாம் கம்பமும் ஒரே தூரம். இருபத்திரண்டாம் வாக்கி இரண்டுக்கும் நடுவே பந்து மாதிரி தாவியது. திரையில் கோடு எகிறிக் குதித்தது.

“இதைக் காட்டினா வந்தவங்க அப்படியே கெளம்பிடுவாங்க” என்று டாக்டரம்மா தலையில் கைவைத்தார். பிறகு கையால் ஒரு கட்டளை போட்டார்: இருபத்திரண்டுக்கு எது வந்தாலும் மூன்றாம் கம்பத்துக்கே போக வேண்டும். கோடு அடங்கியது. சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார், நான் பார்த்தேன். ஒத்திகை முடிந்து ‘அபாயம் நீங்கியது’ அனுப்பும்போது லோடர் கீழ்ப்பள்ளத்துக்குப் போய்விட்டிருந்தது. மூன்றாம் கம்பத்துக்குக் கீழ்ப்பள்ளம் தெரியாது, நடுவில் கல்மேடு. கீழ்ப்பள்ளத்துக்கு ஐந்தாம் கம்பம்தான். ஒத்திகைதானே என்று யாரும் அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. திரையில் பச்சையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்து மாப்ள கீழ்ப்பள்ளத்திலேயே வேலை செய்தார். லோடர் ராத்திரியும் அங்கேயே நின்றது. வெள்ளிக்கிழமை வரை வெடி எதுவும் இல்லை, சேதியும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கூடத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “நாளைக்கு வர்றவங்க இங்கயும் வருவாங்க. கொஞ்சம் மனுஷங்க இருக்கற இடம் மாதிரி பண்ணுய்யா” என்றார். நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. மேசையைத் துடைத்தேன், கம்பிகளைச் சுருட்டினேன், கடைசியாக அந்தச் சுவருக்குப் போனேன். பதினோரு சீட்டு. ஒவ்வொன்றாக உரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, என் கருவிப் பையில் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை வந்து திரும்ப ஒட்டிவிடலாம் என்று எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி.

கையால் போட்டதையெல்லாம் வியாழனுக்குள் எடுத்துவிடச் சொல்லி டாக்டரம்மா தன்கீழ் வேலை செய்கிற இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் சாயங்காலம் வந்தார்கள், சுவர் காலி. டாக்டரம்மாவே எடுத்துவிட்டார் என்று நினைத்தார்கள். டாக்டரம்மா அதற்குப் பிறகு வந்தார், சுவர் காலி. அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் மாடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று சரியில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று அடித்தது, ஜன்னல் விளிம்பெல்லாம் தூசி. கீழே டீ குடிக்கப் போனேன். டாக்டரம்மா ரொட்டியைக் கருக்கிவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். மகளுக்குத் தலைபின்ன நேரமில்லை, மாப்ள பின்னிக்கொண்டிருந்தார். கல் அள்ளுகிற கை, பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

“அப்பா, வலிக்குது.”

“லோடர் ஓட்டறவன்கிட்ட தலையைக் குடுத்தா அப்படித்தான்.”

டாக்டரம்மா தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றார். “இன்னைக்கு ஒரு நாளாவது அழுத்துங்க. வர்றவங்க அந்தப் புள்ளியைத்தான் கேப்பாங்க. சொந்த வீட்டுக்காரரே அழுத்தலன்னா நான் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?”

“சரி.”

“சும்மா சரின்னு சொல்லாதீங்க. விளையாட்டு இல்ல.”

மாப்ள நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. “அழுத்தறேன்மா. நின்னு, படிச்சு, அழுத்தறேன். போதுமா?”

டாக்டரம்மா கூடத்துக்குப் போனார், அந்த ஒரே மிஷின் முன்னால் அவர்தான் உட்கார வேண்டும். குவாரி அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். தலைவர் வந்தவர்களோடு மேஸ்திரி கொட்டகையில் நின்றார். ஏதாவது கோளாறு என்றால் சரிபார்க்க என்னை ஐந்தாம் கம்பத்தில் ஏற்றிவிட்டார்கள். இடுப்பில் வார் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கொட்டகையும் சிவப்புக் கொடியும், மறுபக்கம் கீழ்ப்பள்ளம். கொட்டகையில் இருப்பவர்களுக்குப் பள்ளம் தெரியாது. பள்ளத்துக்கு மேலே செங்குத்தான பாறைச் சுவர், அதில்தான் அன்றைக்கு வெடி. அடியில் மாப்ளையின் லோடர் பொம்மை மாதிரி தெரிந்தது.

வெடி எத்தனை மணிக்கு என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. துளை போட்டு மருந்து அடைத்து முடிகிற நேரம்தான் நேரம், பதினொன்றும் ஆகும் மூன்றும் ஆகும். வெடிக்காரர் தன் போனையும் வாக்கியையும் தகரப் பெட்டியில் வைத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுத்தான் வயர் பக்கம் போவார். மருந்துக்குப் பக்கத்தில் அதெல்லாம் ஆகாது. அதற்குப் பிறகு அவருக்குத் தெரிவது கொடி மட்டும்தான். கொடி இறங்கினால் வெடிச் சாவியைத் திருகுவார்.

பதினொன்று நாற்பதுக்குச் சங்கு ஊதியது. மேல்முற்றத்தில் ஆட்கள் வாக்கியைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினார்கள். கீழே லோடர் அள்ளிக்கொண்டிருந்தது. கையில் இருக்கிற வாளியைக் கொட்டிவிட்டு வருவார் என்று நினைத்தேன். கொட்டினார். மறுபடி அள்ளினார். இன்னொன்று. இதோ கிளம்பிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றில் கம்பிக் கட்டு ஆடுகிறதே, அதையாவது ஒட்டலாம் என்று டேப்புக்காகப் பைக்குள் கையை விட்டேன். டேப்போடு ஒட்டிக்கொண்டு மஞ்சள் சீட்டு வந்தது. டாக்டரம்மாவின் கையெழுத்து: ‘22, மூன்றாம் கம்பம், திங்கள், கையால்.’

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, மாப்ள இன்னும் கீழதான் இருக்காரு.”

“இல்லயேண்ணா, பச்சை காட்டுதே.”

“திங்கக்கிழமை கையால போட்டீங்களே, அதை எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சே, சீட்டு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. “இருக்கு. அண்ணா, அது இன்னும் இருக்கு. எல்லாம் மூணாம் கம்பத்துலயே கெடக்கு.” மூச்சு வாங்கினார். “பத்து செகண்ட்ணா. எடுத்துடறேன். எடுத்தா உடனே அவருக்குப் போயிடும்.”

“சரிம்மா” என்றேன்.

அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு வெடியை நிறுத்து என்று கத்தியிருக்க வேண்டும். வேறு எந்தத் தொழில்காரனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். எங்களுக்குக் கோளாறைக் கண்டால் அதைச் சரிசெய்யத்தான் கை போகும். வந்தவர்கள் முன்னால் மானம் போகுமே என்ற பயமும் ஒரு மூலையில் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

“எடுத்துட்டேன். போச்சா?”

வாளி கீழே இறங்கியது. லோடர் திரும்பிச் சரிவில் ஏற ஆரம்பித்தது.

“கெளம்பிட்டாரும்மா! ஏறுறாரு!” என்று கத்தினேன். அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

சரிவின் பாதியில் வளைவு. லோடர் அங்கே போய் நின்றது.

“ஏன் நின்னுட்டாரு?”

மறுபடி விசைகள் தட்டுகிற சத்தம்.

“அம்மா, ஏன் நிக்கறாரு?”

“அண்ணா…” அவர் குரலே மாறியிருந்தது. “திங்கக்கிழமை கடைசிச் சேதியும் மூணாம் கம்பத்துல கெடந்திருக்கு. புதுசு முதல்ல போகும், பழசு முப்பது செகண்ட் கழிச்சுப் போகும். நான்தான் அப்படி எழுதினேன். புதுசுதானே அவசரம்னு…”

“என்ன சேதி அது?”

“அபாயம் நீங்கியது.”

பெரிய எழுத்து. ஒரே ஒரு சேதிதான் தெரியும். நேரம் கிடையாது.

லோடர் பின்வாங்கித் திரும்பியது. பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்தது.

“திரும்ப அனுப்பும்மா! இறங்குறாரு!”

“அனுப்பிட்டேன். முப்பது செகண்ட் ஆகும்ணா, அடுத்தது போக முப்பது செகண்ட் ஆகும். ஐயோ, மேஸ்திரியைக் கூப்பிடுங்க!”

கூப்பிட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மேஸ்திரி கொட்டகைக்கு வெளியே கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் வந்தவர்கள். அவர் போன் உள்ளே மேசையில் கிடந்திருக்கிறது. தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோனது. வந்தவர்களில் ஒருவர் நான் உற்சாகத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக் கையசைத்தார்.

மேஸ்திரியின் திரையில் இருபத்திரண்டும் பச்சை. கொடி இறங்கியது.

மாப்ளையை வெளியே எடுக்கச் சாயங்காலம் நாலு மணி ஆனது. உயிர் இல்லை. டாக்டரம்மா அதற்குள் வந்துவிட்டிருந்தார். யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. கல்மேட்டின்மேல் உட்கார்ந்து, தன் கையில் ஒட்டியிருந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். சீட்டு என்னவாயிற்று என்று கேட்டதற்கு, “நான்தான் எடுத்திருப்பேன். கட்டளையை எடுக்க மறந்து சீட்டை மட்டும் எடுத்திருப்பேன். ஞாபகம் இல்ல” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கோழை என்பதற்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது.

பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் காலையில் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மகள் கதவைத் திறந்தாள், தலை வாரவில்லை. டாக்டரம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“இது என் பையில இருந்துச்சும்மா. சுவரைச் சுத்தம் பண்றேன்னு நான்தான் உரிச்சேன். இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “சொல்லுங்க. சொல்லத்தான் வேணும்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “நீங்க சீட்டை எடுத்தீங்க. நான் மேஸ்திரியைக் கூப்பிடல. பத்து செகண்ட்னு சொன்னேன்.”

“நானும்தானேம்மா சரின்னேன்.”

அவர் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு மிஷின் எழுதி வைத்த கணக்கு. யாருக்கு எது எப்போது போனது என்று வரிசையாக இருந்தது. ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ‘22. அபாயம் நீங்கியது. பார்த்தேன். 11.53.’

“அவரு வளைவுல ஏன் நின்னாருன்னு கேட்டீங்களேண்ணா” என்றார். “அழுத்தறதுக்காகத்தான் நின்னிருக்காரு.”